மீன்கொத்திக்கு மீன் என்று தீர்மானிக்கப்பட்டது

பறவைகளைக் காப்பாற்றுவதற்கு உலகத்தில் எத்தனையோ காடும் குளமும் இருக்க, அதற்கென்று ஒரு செயலகத்தை மொன்ட்ரியாலில், பதினோராம் மாடியில், திறக்க முடியாத ஜன்னல்களுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்த புண்ணியவான் யாரென்று எனக்குத் தெரியாது. ‘அருகிவரும் தீவுப் பறவைகளுக்கான அனைத்துலக ஒருங்கிணைப்புச் செயலகம்’ என்பது அதன் பெயர். சொல்லி முடிப்பதற்குள் ஏதாவதொரு பறவை அருகிப்போய்விடும். அங்கே ஏராளமானோர் வேலை செய்தார்கள். அவர்களுக்கும் பறவைகளுக்கும் இருந்த ஒரே நேரடித் தொடர்பு, ஜன்னல் விளிம்பில் வந்து உட்காரும் புறாக்கள். அவற்றுக்கும் போன வருடம் கூர்க்கம்பி அடித்துவிட்டார்கள்.

இந்தச் செயலகத்துக்கு ஒருநாள் உண்மையாகவே ஒரு பறவை வந்து சேர்ந்தது. பசிபிக் கடலின் நடுவில் நுவாரி என்றொரு பவளத்தீவு இருக்கிறது. அந்தத் தீவில் மட்டுமே, உலகத்தில் வேறெங்கும் இல்லாமல், வெள்ளைத் தலையும் நீல முதுகுமாக ஒரு மீன்கொத்தி இனம் வாழ்கிறது. எல்லாமாக நூற்றுச் சொச்சம் உயிர்கள்தான் மிச்சம். அதில் ஒன்றை ஆராய்ச்சிக்கென்று பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தார்கள். கூடவே நுவாரித் தீவுக்காரர் ஒருவரும் வருவதாக இருந்தது. அவருக்கு விசா மறுக்கப்பட்டது. திரும்பிப் போவார் என்பதற்குப் போதிய ஆதாரம் காட்டவில்லையாம். சிறகு வைத்திருந்த பறவைமேல் அப்படியொரு சந்தேகம் எவருக்கும் வரவில்லை.

தீவுக்காரர் வராததால் பெரிய சிக்கலாகிவிட்டது. தீவுவாசி ஒருவர் முன்னிலையில் அல்லாமல் தீவுப் பறவை குறித்து எந்தத் தீர்மானமும் எடுக்கக்கூடாது என்பது செயலகத்தின் விதி. யாராவதொரு தீவுவாசி வேண்டும். உடனே வேண்டும். தேடும் பொறுப்பு தனுஷா என்ற பிள்ளையிடம் கொடுக்கப்பட்டது. அவள் மொன்ட்ரியால்-நோரில் பிறந்து வளர்ந்தவள், செயலகத்தில் சமூகத் தொடர்பு அலுவலர், வேலை இன்னும் நிரந்தரமாகாதவள். ஞாயிறு பூசை முடிந்து சனம் மாதா கோயில் படியில் நின்று கதைத்துக்கொண்டிருந்தபோது, தகப்பனின் சிநேகிதர் அருமைராசாவை அவள் மறித்தாள்.

“அங்கிள், நீங்கள் ஐலண்டில பிறந்தனீங்கள்தானே?”

“ஓம் பிள்ளை. மன்னார்த் தீவு. பேசாலை.”

“பார்ஃபே, நல்லதாப் போச்சு. நாளைக்கு டவுன்டவுனுக்கு வரேலுமா? ஒரு கேள்விதான் கேப்பினம்.”

அருமைராசா சென்ட் லோரன்ட்டில் மருந்துப் பெட்டி அடுக்கும் பண்டகசாலை ஒன்றில் வேலை செய்பவர். யாராவது ஒரு கேள்விதான் என்று சொன்னால் நம்பிவிடும் சுபாவம். அகதிக் கோரிக்கைக்குப் பிறகும் அந்தச் சுபாவம் அவரை விட்டுப் போகவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

மறுநாள் வட்ட மேசையைச் சுற்றிப் பெரிய பெரிய ஆட்கள் இருந்தார்கள். நடுவில் பணிப்பாளர் மதாம் பெல்றோஸ். மூலையில் ஒரு பெரிய கூடு. கூட்டுக்குள் அந்தப் பறவை, ஒரு கொம்பிலிருந்து மறு கொம்புக்கும் மறு கொம்பிலிருந்து பழைய கொம்புக்குமாக, இருப்புக்கொள்ளாமல் பாய்ந்துகொண்டிருந்தது. அதற்குப் பசி. பயணத்துக்கென்று கூட வந்த புழுக்கள் காலையிலேயே தீர்ந்துவிட்டன.

மதாம் பெல்றோஸ் பேசினார். தனுஷா மொழிபெயர்த்தாள். அவளுடைய தமிழை நான் கொஞ்சம் திருத்தித் தருகிறேன்.

“பறவைக்கு உணவு கொடுக்க நாங்கள் முழுமனதோடு தயாராக இருக்கிறோம். ஆனால் எந்த மொழியில் கொடுப்பது என்பது இன்னும் முடிவாகவில்லை. ஆங்கிலக் கோப்பில் இதன் பெயர் கிங்ஃபிஷர். அதன்படி இது மீன் பிடிக்கிறது. பிரெஞ்சுக் கோப்பில் இதன் பெயர் மார்த்தன் ஷசேர், வேட்டைக்கார மார்த்தன். அதன்படி இது தரையில் பூச்சி வேட்டையாடுகிறது. இரண்டும் எங்களுடைய உத்தியோக மொழிகள். இரண்டும் சமமானவை. ஒரு மொழியின் மனம் நோக இன்னொரு மொழியின் பறவைக்குச் சோறு போட முடியாது. எனவே மூன்றாவதாக ஒரு தீவு மொழியின் பாரம்பரிய அறிவைக் கேட்பதென்று தீர்மானித்திருக்கிறோம்.”

சட்ட ஆலோசகர் ஒருவர் கையை உயர்த்தினார். மன்னாருக்குத் தரையிலிருந்து பாலம் இருப்பதாகத் தான் வாசித்ததாகவும், பாலம் போட்ட தீவு தீவாகுமா என்பதை ஆராய வேண்டும் என்றும் சொன்னார்.

“அப்ப மொன்ட்ரியாலுக்கு எத்தினை பாலம் கிடக்கு எண்டு ஐயாவைக் கேள் பிள்ளை,” என்றார் அருமைராசா. “நீங்கள் எல்லாரும் தீவுக்குள்ளதானே இருக்கிறியள்.”

தனுஷா அதை மொழிபெயர்க்கவில்லை. அவளுக்கு வேலை நிரந்தரமாக வேண்டியிருந்தது. தீவுவாசி அனைவருக்கும் வணக்கம் தெரிவிக்கிறார் என்று சொன்னாள்.

பிறகு மதாம் அந்த ஒரு கேள்வியைக் கேட்டார். “உங்கள் மொழியில் இந்தப் பறவைக்கு என்ன பெயர்?”

அருமைராசா கூட்டைப் பார்த்தார். நீல முதுகு, நீண்ட சொண்டு. “மீன்கொத்தி.”

“அதன் பொருள்?”

“மீனைக் கொத்துறது. வேறென்ன?”

இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் மீன் வென்றது. ஆங்கிலக் கோப்புக்காரர்கள் கை தட்டினார்கள். பிரெஞ்சுக் கோப்புக்காரர்களில் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு வெளியே போனார். அருமைராசாவுக்குச் செயலகத்தின் ‘பாரம்பரிய உணவுக் காவலர்’ என்று ஒரு பதவியும் தரப்பட்டது. தினமும் காலையில் வந்து பறவைக்கு மீன் வைப்பதுதான் வேலை. அது முடிந்து பின்னேரம் பண்டகசாலைக்குப் போகலாம்.

முதல் நாள் ஜான்-டலோன் சந்தைக்குப் போய் நெத்தலி அளவு சின்ன மீனாகத் தேடி வாங்கிவந்து தட்டில் வைத்தார். பறவை தட்டைப் பார்த்தது. அவரைப் பார்த்தது. பிறகு திரும்பி முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தது. முழு மீன் பெரிதோ என்று வெட்டி வைத்தார். தொடவில்லை. செத்த மீனைத் தின்னாதோ என்று உயிர்மீனைக் கிண்ணத்தில் விட்டார். பறவை கிண்ணத்துக்குள் இறங்கி, மீனை ஒதுக்கிவிட்டுக் குளித்தது.

மறுநாள் அது கீழ்க் கொம்பில் இறகைச் சிலிர்த்துக்கொண்டு சுருண்டு இருந்தது. பாய்ச்சல் நின்றுவிட்டது. இப்போது இருப்புக்கொள்ளாமல் போனது அருமைராசாவுக்கு. கூட்டுக்கு முன்னால் நடந்தார். கூட்டுக்குப் பின்னால் நடந்தார். தன் வாயால் சொன்ன ஒரு சொல்லைத்தான் அந்தச் சீவன் தின்னமுடியாமல் கிடக்கிறது என்ற எண்ணம் அவரைப் போட்டுக் குடைந்தது. தனுஷாவையும் கூட்டிக்கொண்டு ஓடிப்போய்ச் செயலகத்தின் பறவையியல் நிபுணர் டொக்டர் மெர்சியேயைப் பிடித்தார்.

“இது மீன் தின்னுதில்லை டொக்டர்.”

“தின்னாது,” என்றார் டொக்டர் மெர்சியே. “நுவாரி மீன்கொத்தி பல்லியும் பூச்சியும்தான் தின்னும். சில்வண்டு என்றால் உயிர். அதைப் பற்றி மூன்று கட்டுரை எழுதியிருக்கிறேன்.”

அருமைராசா கேட்டார்: “அப்ப ஏன் அண்டைக்குக் கூட்டத்தில சொல்லேல்லை?”

டொக்டரின் முகத்தில் ஆழ்ந்த மரியாதை ஒன்று பரவியது. “நான் எப்படிச் சொல்வது? நூற்றாண்டுகளாக எங்களைப் போன்ற விஞ்ஞானிகள் உங்களைப் போன்ற மக்களின் அறிவை மதிக்காமல் நடந்திருக்கிறோம். அந்தத் தவறை நான் மறுபடி செய்ய மாட்டேன். நீங்கள் மீன் என்று சொன்னால் எனக்கும் மீன்தான். பறவை செத்தாலும் உங்களை அவமதிக்க மாட்டேன்.”

“என்னை அவமதியுங்கோ டொக்டர். பரவாயில்லை.”

“என்னைச் சோதிக்காதீர்கள்,” என்று சொல்லிவிட்டு டொக்டர் கதவைச் சாத்திக்கொண்டார்.

அருமைராசா நேராக மதாமிடம் போனார். தான் சொன்னது பிழை என்றும், ஊரில் கண்ட குருவி வேறு, இது வேறு என்றும், சொன்னதை வாபஸ் வாங்குவதாகவும் தனுஷாவைக் கொண்டு சொல்வித்தார். மதாம் பெல்றோஸ் பரிவோடு கேட்டார். கேட்டு முடித்துவிட்டு, “அந்த அறிவு உங்களுடையதா, உங்கள் சமூகத்தினுடையதா?” என்றார்.

“தமிழ்ச் சொல்லு. எல்லாற்றையும்தான்.”

“பார்த்தீர்களா. எல்லோருக்கும் சொந்தமான ஒன்றைத் தனிமனிதர் ஒருவர் எப்படி வாபஸ் வாங்க முடியும்? அது திருட்டாகிவிடும். உங்கள் சமூகம் கூடி ஒருமனதாகத் தீர்மானித்தால் நாங்கள் பரிசீலிக்கலாம். நாங்கள் எவர்மீதும் எதையும் திணிப்பதில்லை.”

மன்னார்த் தீவு மக்கள் ஒன்றியத்தின் தலைவர் தேவதாசனை அருமைராசா அன்றைக்கே தேடிப் போனார். தேவதாசன் நல்ல மனிதர். எந்தக் காரியத்தையும் கூட்டம் போடாமல் செய்யமாட்டார், கூட்டம் போட்டபின் செய்யவே மாட்டார். மறுநாள் பின்னேரமே அவசரக் கூட்டம் கூட்டினார். பங்கு மண்டபத்தில் சனம் நிறைந்துவிட்டது. செபம், அகவணக்கம், வரவேற்புரை, தலைமையுரை, ரோல்ஸ், தேநீர் எல்லாம் ஒழுங்காக நடந்தன. ஒரு குருவி அங்கே பட்டினி கிடக்கிறது என்று அருமைராசா எழுந்து சொன்னபோது, அது நிகழ்ச்சி நிரலில் பிறகு வருகிறது என்று இருத்தினார்கள்.

விவாதம் தொடங்கியது. சொல் மீன்கொத்தியா மீன்குத்தியா என்று ஒருவர் எழுப்பிய கேள்வியில் மண்டபம் இரண்டாகப் பிரிந்தது. கொத்திக்காரர்களும் குத்திக்காரர்களும் நெடுநேரம் மோதினார்கள். குத்திக்காரர்கள் தனியாக ஒரு ஒன்றியம் தொடங்கப்போவதாக அறிவித்து, மிச்ச ரோல்ஸையும் எடுத்துக்கொண்டு வெளியேறினார்கள்.

“தேவதாசன் அண்ணை,” என்று அருமைராசா கெஞ்சினார். “அது பூச்சிதான் தின்னுமாம். டொக்டரே சொல்லுறார். மீன் எண்டு சொன்னது பிழை எண்டு ஒரு வரி எழுதித் தாங்கோ. காணும்.”

தேவதாசன் அவருடைய தோளில் கை போட்டார். “தம்பி, யோசிச்சுப் பார். இந்த நாட்டுக்கு வந்து எவ்வளவு காலம். எங்கட ஒரு சொல்லை ஆர் கேட்டவன்? இண்டைக்கு இங்கிலிசும் பிரெஞ்சும் அடிபட, தமிழ் போய்த் தீர்ப்புச் சொல்லியிருக்கு. அதைப் பிழை எண்டு நாங்களே எழுதிக் குடுக்கிறதோ? சனம் காறித் துப்பும்.”

“குருவி செத்துப்போம் அண்ணை.”

“குருவி சாகும். மொழி சாகக்கூடாது,” என்றார் தேவதாசன். மண்டபம் கை தட்டி ஓய்ந்தபின் அருமைராசாவுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அவர் அந்தப் பொன்னாடையோடேயே பஸ் ஏறி வீட்டுக்கு வந்தார். முகத்தைப் பார்த்த மனைவி சிசிலி, “என்னப்பா, ஆற்றையோ செத்தவீட்டாலை வாற மாதிரி வாறியள்?” என்று கேட்டாள். இனித்தான் செத்தவீடு என்றார்.

முழுக் கதையையும் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்: “செல்லப்பிராணிக் கடையில பூச்சி விக்கிறாங்கள்தானே. வாங்கிக் குடுக்கிறதுக்கு இவையளின்ரை தீர்மானம் என்னத்துக்கு? குருவி வாசிக்கவே போகுது?”

இவ்வளவு பெரிய மனிதர்கள் கூடிப் பேசிய விஷயத்தில் புத்தி என்று ஒன்று பேசப்பட்டது அதுதான் முதல் தடவை.

மறுநாள் காலை கடை திறந்ததும் ஒரு பெட்டி சில்வண்டு வாங்கிக்கொண்டு அருமைராசா செயலகத்துக்கு ஓடினார். பறவை கண்ணை மூடிக்கொண்டிருந்தது. தாமதித்துவிட்டோமோ என்று கூட்டைத் தட்டிப் பார்த்தார். ஒரு சில்வண்டைக் கூட்டுக்குள் விட்டார். அது கீச்சென்றது. பறவையின் ஒரு கண் திறந்தது. அடுத்த கணம் ஒரு நீல மின்னல். சில்வண்டைக் கொம்பில் ஓங்கி அடித்து முழுங்கிவிட்டு, இன்னும் இருக்கிறதா என்று பறவை அவரைப் பார்த்தது. அருமைராசா சுவரில் சாய்ந்து நின்று அழுதார்.

அதன்பிறகு ஒவ்வொரு காலையும் தட்டில் மீன் வைத்துவிட்டுக் கள்ளமாகச் சில்வண்டு கொடுத்தார். பழைய மீனைப் பையில் மறைத்து வீட்டுக்குக் கொண்டுபோனார். குளியலறையில் சில்வண்டுப் பெட்டிகள் கத்த, சிசிலி எல்லா நாளும் மீன்குழம்பு வைத்தாள். பறவை தேறியது, பளபளத்தது, கூட்டை இரண்டாக்கிற மாதிரிப் பாய்ந்தது. யாராவது கண்டுவிடுவார்களோ என்று அருமைராசாதான் கதவைப் பார்த்துப் பார்த்து மெலிந்தார்.

யாரும் காணவில்லை. அதுதான் வினையாகிப் போனது. பறவை தேறிவிட்ட செய்தி செயலகத்தின் எல்லா மாடிகளுக்கும் பரவி, மீன் உணவின் மாபெரும் வெற்றியைக் கொண்டாட உலக மாநாடு ஒன்று கூட்டப்பட்டது. பல நாட்டுப் பிரதிநிதிகள் விமானம் ஏறி வந்தார்கள். மேடையில் பறவைக் கூடு, வெள்ளித் தட்டில் மீன், பக்கத்தில் பொன்னாடையோடு அருமைராசா. முன்வரிசையில் தேவதாசன். மதாம் பெல்றோஸ் எழுந்து நுவாரித் திட்டத்தை அறிவித்தார். மொழிபெயர்ப்புக்கென்று அருமைராசாவுக்குப் பக்கத்தில் நின்ற தனுஷா அதை மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

“மொன்ட்ரியாலில் நிரூபிக்கப்பட்ட இந்த உணவுமுறையை நுவாரித் தீவிலுள்ள எல்லா மீன்கொத்திகளுக்கும் விரிவாக்குகிறோம். அங்கே அவை இன்னமும் முறைசாராத வகையில் பூச்சிகளைத் தின்றுவருவது வருத்தத்துக்குரியது. பறவைகளின் கவனத்தைக் கலைக்கும் பூச்சிகளும் பல்லிகளும் மருந்தடித்துத் தீவிலிருந்து முற்றாக அகற்றப்படும். உறைந்த மீன் ஏற்றிய முதற் கப்பல் தயாராக நிற்கிறது. இதற்காக நாங்கள் அருமைராசாவுக்குக் கடமைப்பட்டிருக்கிறோம்.”

ஒன்றைக் காப்பாற்றப்போய் உலகத்தில் மிச்சமிருந்த அத்தனையையும் கொல்லப் பண்ணிவிட்டோம் என்பது அருமைராசாவுக்கு விளங்கியது. அவர் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

“இது மீன் தின்னேல்லை. ஒரு நாளும் தின்னேல்லை. நான் களவாச் சில்வண்டு குடுத்தனான். அங்க மருந்தடிச்சால் எல்லாம் பட்டினியில செத்துப்போம். கும்பிட்டுக் கேக்கிறன், விடுங்கோ.”

தனுஷா ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தாள். இந்த முறை அவள் வேலையைப் பற்றி யோசிக்கவில்லை. மண்டபம் எழுந்து நின்று கை தட்டியது. “தீவுவாசி ஒருவரின் மனத்தை உருக்கும் பகிர்வு,” என்றார் மதாம் பெல்றோஸ், கண்ணைத் துடைத்துக்கொண்டு. “இதை நன்றியோடு குறித்துக்கொண்டு அடுத்த விடயத்துக்குப் போவோம்.”

அருமைராசாவுக்குப் பொறுமை போய்விட்டது. சட்டைப் பையிலிருந்து சின்னப் பெட்டியை எடுத்து, கூட்டைத் திறந்து, மீன் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு சில்வண்டை விட்டார். அது தட்டின்மேல் ஏறி மீனின் தலையில் நின்றது. பறவை பாய்ந்தது. மீன் கிடந்தபடி கிடந்தது. சில்வண்டைக் காணவில்லை.

பிரெஞ்சுக் கோப்புக்காரர்கள் மேசையில் தட்டி ஆரவாரித்தார்கள். ஆங்கிலக் கோப்புக்காரர்கள் ஒழுங்குப் பிரச்சினை கிளப்பினார்கள். முன்வரிசையில் தேவதாசன் எழுந்து தமிழை அவமதிக்கவேண்டாம் என்று கத்தினார். சட்ட ஆலோசகர் ஓடிவந்து, சமூக அறிவின்படி எடுத்த தீர்மானத்தை ஒரு பறவையின் தனிப்பட்ட நடத்தையைக் காரணம் காட்டி மாற்ற விதியில்லை என்று மதாமின் காதில் சொன்னார்.

மதாம் பெல்றோஸ் கையை உயர்த்தினார். அவர் சும்மா பணிப்பாளர் ஆனவர் அல்ல.

“தீர்மானத்தை மாற்ற முடியாது,” என்றார். “மீனை மாற்றலாம். இந்த மண்ணின் என் முன்னோர் விரத வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி தின்ன முடியாமல் வாடியபோது, பீவர் என்ற விலங்கு தண்ணீரில் நீந்துவதால் அதை மீனாகக் கொள்ளலாம் என்று திருச்சபை தீர்த்துவைத்ததாக ஒரு கதை எங்களிடம் உண்டு. பீவர் மீனாகலாம் என்றால் இந்தச் சிறிய பிராணிக்கு மட்டும் ஏன் கதவைச் சாத்த வேண்டும்? ஆனால் நாங்கள் எதையும் திணிப்பதில்லை. தீவின் மொழி சொல்லட்டும். அருமைராசா, நீங்கள் கூட்டுக்குள் விட்டீர்களே, அதற்கு உங்கள் மொழியில் என்ன பெயர்?”

எல்லா முகங்களும் அவர் பக்கம் திரும்பின. போனமுறை இப்படிக் கேட்டபோது உண்மையைச் சொன்னார். அந்த உண்மை ஒரு கப்பல் நிறைய மீனாகித் துறைமுகத்தில் நிற்கிறது. அருமைராசா பறவையைப் பார்த்தார். அது அடுத்த சில்வண்டுக்காகக் கொம்புக்குக் கொம்பு தாவிக்கொண்டிருந்தது.

“மீன்,” என்றார்.

தேவதாசன் வாயைத் திறந்தார். இரண்டு பக்கமும் யோசித்துவிட்டு மூடிக்கொண்டார். தனுஷா அருமைராசாவை ஒருகணம் பார்த்தாள். பிறகு ஒலிவாங்கியில் தெளிவாக, “புவாசோன்,” என்று பிரெஞ்சில் மீனைச் சொன்னாள்.

மீன் வென்றது. பிரெஞ்சு மொழியும் தோற்கவில்லை, வேட்டை வேட்டையாகவே இருந்தது. நுவாரித் தீவில் மேற்படி மீன் புல்லுக்குள்ளும் தென்னந்தோப்பிலும் போதிய அளவு இருப்பதால் மருந்தும் வேண்டாம், கப்பலும் வேண்டாம் என்று ஒருமனதாக நிறைவேறியது. பல்லி என்ன இனம் என்பதை ஆராய அடுத்த மாநாட்டுக்கு நாள் குறித்தார்கள்.

மாநாடு முடிந்ததும் அருமைராசா பஸ் ஏறினார். சிசிலி ஜான்-டலோன் சந்தையில் காத்துக்கொண்டு நின்றாள்.

“என்னப்பா, குருவியள் தப்பிச்சுதோ?”

“தப்பிச்சுது.”

“அப்பிடி என்னத்தைச் சொன்னியள்?”

அவர் மீன்கடைக்கு மேலே POISSON என்று எழுதித் தொங்கிய பெரிய பலகையைக் காட்டினார். சிசிலிக்குப் பிரெஞ்சு வராது. இத்தனை வருடத்துக்குப் பிறகும் எந்தப் பலகையையும் ஆங்கிலம் மாதிரி எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினாள்.

“பொய்... சொன்...”

“ஓம்,” என்றார் அருமைராசா. “அதைத்தான்.”